அம்மனுக்கு ஜன்னல் ஓரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்காரி என்று சொல்லி, தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம் என்று வாயைத் திறந்தாலே கேட்கிறவர்கள் முகம் மாறிவிடும். அந்த வைகாசியில் எங்கள் ஊர்ப் பெயரை உலகமே துக்கத்தோடு சொன்னது. அப்படிப்பட்ட வருஷத்தைப் பற்றி ஒருத்தி சிரித்துக்கொண்டு பேசினால் என்ன நினைப்பார்களோ என்று அடங்கிக் கிடந்தேன். ஆனால் அந்த வைகாசிக்கு முன்னால் ஒரு சித்திரையும் இருந்ததே. அதில் எங்கள் வீட்டில் நடந்ததை, அம்மன் அறிய, நடந்தபடியே எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இறங்கி ஏரிக்கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். வீட்டில் மாமனார், என் வீட்டுக்காரர், நான், எங்கள் பையன், பெண், அப்புறம் அக்கா. அக்கா என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. மூத்தவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். குழந்தை இல்லை. அக்கா பிறந்த வீட்டுக்குப் போகாமல் எங்களோடேயே இருந்துவிட்டாள். அழுத முகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. எங்கள் வீட்டுப் பசு மாத்திரம் அந்த வாய்க்கு மயங்கிக் கிடந்தது. அவளைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னாலேயே வாசலில் இருந்து கத்தினார்.

"இந்தாம்மே, மாவலிபுரம் போறோம்! கம்பெனிக்கு ஆள் ஏத்தற மேட்டாடர் வேன் ஞாயித்துக்கெயம சும்மாத்தான் நிக்குதாம். டிரைவர் வரேன்னுட்டான்."

"அடுத்த மாசம் போலாமே, வெயில் கொஞ்சம்..." என்றேன்.

"அடுத்த மாசமா? எலெக்சன் வருது. இப்பவே பாதி வண்டிக்குக் கொடி கட்டிட்டான். இத்த வுட்டா அப்பால வண்டியே கெடைக்காது."

எனக்கு வேண்டாம் என்று சொல்லவா ஆசை? சனிக்கிழமை பெருமாள், வெள்ளிக்கிழமை அம்மன் என்று விளக்கேற்றுகிறவள் நான். மாமல்லபுரத்தில் பெருமாள் பாம்புப் படுக்கைகூட இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, பாயில்லாமல் படுத்திருக்கிற அந்தச் சாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். போன இரண்டு கோடையிலும் திட்டம் போட்டு நின்றுபோயிருந்தது.

அன்று சாயங்காலமே வேனில் வரப்போகிறவர்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவும் அவர் புருஷனும் பிள்ளைகளும் ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி மாசமாக இருந்த பெண்ணும் அவள் மாமியாரும் இன்னொன்று. என் வீட்டுக்காரர் சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ரோடு போட்டார். ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வளைத்து வளைத்துக் கோடு போய்க் கடைசியில் பெரிதாக ஒரு அலை. என் பெண் அலைக்குள் மீன் வரைந்தாள்.

சண்டை திருக்கழுக்குன்றத்தில் ஆரம்பித்தது.

"வழியில தானே கீது, ஏறிக் கழுகப் பாத்துட்டுப் போலாம்" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"கழுகு உச்சி வேளைக்குத்தான் வரும். அதுவரிக்கும் அங்க குந்திகினு இருந்தா, கடலுக்குப் போறப்ப மணல்ல கால் வெக்க முடியுமா? வேர்க்கடல மாதிரி வறுத்துடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கழுகு காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்ட்டு வருதுப்பா. நீ மாவலிபுரம் போறதுக்குள்ள அலுத்துக்கற."

"அதுக்கு ரெக்க கீது, எங்கப்பனுக்கு முட்டி வலி கீது!"

மாமனார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, கழுகுக்குக் கீழே இருந்தே கும்பிடு போட்டுவிடலாமே என்றார். அப்புறம் சாப்பாடு. புளிசாதம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தயிர்சாதம் வெயிலில் புளிக்குமா, பாலை ஊற்றிப் பிசைந்துகொண்டு போனால் போதுமா என்பதில் பெண்கள் இரண்டு கட்சியானோம். மோர்மிளகாய் என் பொறுப்பு. தண்ணீர்க் குடம் எதிர்வீட்டார் பொறுப்பு. என் பையன், சரிவில் உருளாமல் நிற்கிற பெரிய உருண்டைக் கல்லைத் தள்ளிப் பார்ப்பது தன் பொறுப்பு என்றான்.

எல்லாம் பேசினோம். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். காஞ்சிபுரம் போனபோதும் திருத்தணி போனபோதும் அப்படித்தான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த அக்காவே சொன்னாள்: "இன்னா எல்லாம் என் மூஞ்சியப் பாக்கறீங்கோ? மாட்ட யாரு கறக்கறது? நான் வூட்டுல கீறேன், போய்ட்டு வாங்க. கடல் தண்ணி உப்புக் கரிக்கும்னு கேட்டுகினேன். அது போதும் எனுக்கு."

எல்லாரும் சிரித்தோம். மாடு ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். கிளம்புகிற நேரத்தில் புருஷன் இல்லாதவள் எதிரில் வரக்கூடாது, நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியில் கூட ஏறக்கூடாது என்று தெருவில் பேசுவார்கள். யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று முந்திக்கொண்டு அவளே மாட்டைச் சொல்லிவிடுவாள்.

மறுநாள் கொட்டகைப் பக்கம் சாணி எடுக்கப் போனேன். அக்கா என் பெண்ணின் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைக் கோயில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் நின்ற என் பெண்ணிடம் கேட்டாள்:

"ஏண்டி கண்ணு, இவ்ளோ கிட்டக்க கட்டிக்கீறானே, அலை அடிச்சா சாமி நனையாது?"

"தெரியல பெரிம்மா."

"போய்ட்டு வந்து எனுக்குச் சொல்லு. மறக்காத பாத்துகினு வா."

நான் சாணிக்கூடையோடு அப்படியே திரும்பிவிட்டேன். அன்று சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம், "அக்கா வராம நான் போகமாட்டேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாடு?" என்றார். "மாடுதானா?" என்றேன். அவர் மோருக்குத் தட்டை நீட்டினார். அண்ணி என்றால் அவருக்கும் உயிர்தான். ஆனால் வேனில் மூன்று குடும்பம் வருகிறது, அப்பா இருக்கிறார், தானாக எப்படிச் சொல்வது என்ற தயக்கம்.

எங்கள் வீட்டில் அம்மனைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் கன்னியம்மன். கோபுரம் கிடையாது. மஞ்சள் பூசிய ஏழு கல், நடுக்கல் கொஞ்சம் பெரிது. அதுதான் குலதெய்வம். அம்மனுக்குப் பூசை வைப்பது மாமனார். பெண் பார்ப்பதற்கு, நிலம் உழுவதற்கு, என் வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குச் சேருவதற்கு, எல்லாவற்றுக்கும் அவர் பூப்போட்டுக் கேட்பார். பூவரச இலையில் ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி வைத்து, ஒரே மாதிரி மடித்து வாழைநாரில் கட்டிக் குலுக்கிக் கல்லின் முன்னால் போடுவார். சின்னப் பிள்ளை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. போன இரண்டு கோடையிலும் மாமல்லபுரம் நின்றுபோனது இந்தச் சிவப்பால்தான். சொந்தத் தங்கை கல்யாணத்தையே சிவப்பு வந்து தள்ளிப்போட்ட மனுஷர் அவர். அவர் கேட்டு வந்த பதிலுக்கு மேல் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று வீட்டாரும் ஏரிக்கரைக்குப் போனோம். அக்கா பால் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளிப் பனைமரத்தடியில் நின்றுகொண்டாள். மாமனார் கற்பூரம் காட்டி, "தாயே, குடும்பத்தோட மாவலிபுரம் போறோம். போலாமா?" என்று கேட்டுப் பொட்டலங்களைப் போட்டார். என் பெண் போய்க் குனிந்து ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

ஏரியில் தண்ணீர்கூட அசையாத மாதிரி இருந்தது. என் பையன்தான் முதலில் அழ ஆரம்பித்தான். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உத்தரவு இல்ல. வுடு. டிரைவருக்குச் சொல்லிடு."

"மூணாவது வருசம்ப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூணு இன்னா, முப்பதானாலும் அவ சொன்னா சொன்னதுதான்."

எல்லாரும் திரும்பினோம். பனைமரத்தைத் தாண்டும்போது அக்கா குரல் கேட்டது. அவள் எங்களைப் பார்த்துப் பேசவில்லை. அம்மன் பக்கம் பார்த்துத்தான் பேசினாள்.

"பின்ன சிவப்பு தராம இன்னா தருவா? புளிசோறு கட்டிகினு, மோர்மொளகா வறுத்துகினு, ஊரே கெளம்பறீங்கோ. அவள ஒரு வார்த்த, 'நீயும் வரியா'ன்னு கேட்டீங்களா? வூட்டப் பாத்துக்கடின்னு வுட்டுட்டுப் போனா, நானா இருந்தாலும் சிவப்புதான் குடுப்பேன்."

விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா சிரிக்கப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் நின்றுவிட்டார். அக்காவை ஒரு தரம் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

"கேட்டதையே திருப்பிக் கேக்கக்கூடாதுப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இது வேற கேள்விடா."

புதுப் பூ, புது இலை. மாமனார் கையைக் கூப்பி, "தாயே, தப்பா கேட்டுட்டோம். நாங்கோ கடலுக்குப் போறோம். நீயும் வரியாம்மா?" என்றார்.

என் பெண் எடுத்தாள். வாழைநாரை மாமனார்தான் பிரித்தார். நந்தியாவட்டை.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மனை எப்படி அழைத்துப் போவது என்று அங்கேயே முடிவானது. பித்தளைச் செம்பில் ஏரித் தண்ணீர், மஞ்சள், வாயில் வேப்பிலைக் கொத்து, மேலே தேங்காய். அந்தக் கலசம்தான் அம்மன். புறப்பட்டதிலிருந்து கடலைத் தொடுகிற வரைக்கும் அதைக் கீழே வைக்கக்கூடாது. ஒருத்தர் விரதம் இருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டும்.

"அப்ப அம்மனுக்கு ஒரு சீட்டு" என்றார் என் வீட்டுக்காரர். "ஜன்னல் ஓரமா குடுப்போம், காத்து வரும்."

யார் மடி? மாமனாருக்குக் கை நடுக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்று மாற்றி ஒன்று வாந்தி எடுக்கும். மாசமாக இருக்கிற பெண்ணை உபவாசம் இருக்கச் சொல்ல முடியாது. அவளைப் பிடித்துக்கொள்ள மாமியார் வேண்டும். எதிர்வீட்டு அம்மா, தனக்குச் சர்க்கரை, பட்டினி கிடந்தால் மயக்கம் வரும் என்று அவரே சொல்லிவிட்டார். வெள்ளி, செவ்வாய் எல்லாம் விரதம் இருக்கிறவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணி எடுத்துகினு வரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். இவ்வளவு நாள் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எப்பிடிப்பா... நான் தப்பா சொல்லல. கலசமாச்சே. பூப்போட்டுக் கேட்டுடுங்களேன், மனசுக்கு நிம்மதி" என்றார்.

நியாயமான யோசனைதான். எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"வேணாம் மாமா. நான் வரல. சிவப்பு வந்துச்சுன்னா, அம்மனே என்ன வேணான்னுட்டான்னு ஆயிடும். இன்னிவரிக்கும் ஜனம்தான் சொல்லிகினு கீது. அவளும் சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

மாமனார் அதற்குள் ஒரு இலையில் பூ வைத்துவிட்டார். இன்னொன்று கையில் இருந்தது. அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு இலையையும் பூவையும் சேர்த்து நடுக்கல்லின் தலையில் தூவிவிட்டார்.

"எல்லாத்தையும் அவளண்டதான் கேக்கணுமா?" என்றார். "வரேன்னு அவ சொல்லிட்டா. யாரு தூக்கினு வர்றதுன்றது வூட்டு விசயம். வூட்டுக்குப் பெரியவன் நான் கீறேன். பெரியவளே, நீதான் எடுத்துகினு வர. ஞாயித்துக்கெயம விடிகாலைல தலைக்கு ஊத்திக்க."

எல்லாவற்றையும் பூவிடம் கேட்கிற மனுஷர். தன் வாயால் அவர் ஒரு முடிவு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு அம்மாவும் தலையை ஆட்டினார்.

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாடு?" என்றாள்.

அந்த 'மாடு' என்ற சொல்லுக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு! வயிறு வலித்துவிட்டது.

மாட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். கம்பெனி ஆட்களோடு ஏற்கெனவே மாமல்லபுரம் பார்த்தவர். தன் இடத்தை அண்ணிக்கு விட்டுக்கொடுத்து, சாயங்காலப் பாலைத் தானே கறப்பதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. அக்காவின் பழைய புடவையை வேட்டிமேல் சுற்றிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு, முட்டிக்கால் இடையில் செம்போடு குந்தினார். மாடு திரும்பி ஒரு பார்வை பார்த்தது. அக்கா எட்ட நின்று உத்தரவு போட்டாள்.

"முந்தானைய இழுத்துச் சொருவு தம்பி, மாடு வெக்கப்படுது."

"அண்ணி, சிரிக்க வெக்காதீங்கோ, உதைச்சிடும்."

"என் குரல்ல ரெண்டு வார்த்த பேசு. நான் தெனம் அதைத் திட்டிகினேதான் கறப்பேன்."

"இன்னான்னு திட்டறது?"

"உன்னத் திட்டற மாதிரியே திட்டு."

தெருவே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. மாடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மனசு இறங்கிப் பால் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் வந்து நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் சுற்றியாயிற்று. புளிசாத வாசனை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அக்கா ஈரத் தலையோடு, கலசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். வண்டிக்கு எதிரில் வந்து பழக்கமில்லை அவளுக்கு.

"பெரியவளே, முன்னாடி வா. ஒனக்குத்தான் வண்டி நிக்குது" என்றார் மாமனார்.

அவள் வாசல்படி இறங்கினாள். கையில் அம்மன். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா ஓடி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேனின் கதவைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்து ஏறும்மா, தலை இடிக்கப் போவுது" என்றார்.

"எனுக்கா, சொம்புக்கா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பேருக்கும்தான்டி!"

நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அக்கா ஜன்னல் ஓரம் ராணி மாதிரி உட்கார்ந்தாள். முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் வாசலில் நின்று டாட்டா காட்டினார். ஒரகடம் தாண்டும் வரைக்கும் வண்டியில் சிரிப்பு அடங்கவில்லை.

கடலை அக்கா முதலில் பார்த்தபோது அவள் பக்கத்தில்தான் நின்றேன். கலசத்தைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தாள். அப்புறம் கலசத்திடம் சொல்கிற மாதிரி, "பாத்தியா, எவ்ளோ தண்ணி! நம்ம ஏரிக்கு ஒரு ஓரம் குடுத்தா இன்னாவாம் இதுக்கு?" என்றாள். அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் ஏரித் தண்ணீரைக் கடலில் ஊற்றினாள். மாமனார் சூடம் ஏற்றினார்; காற்று அணைத்தது; மறுபடி ஏற்றினார். கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என் பெண்ணிடம், "நனையலடி கண்ணு, நல்லாத்தான் கீறாரு" என்று அக்கா சொன்னாள். என் பையன் கல்லைத் தள்ளினான், கல் நகரவில்லை. தரையில் படுத்த பெருமாளை நான் கண் குளிரச் சேவித்தேன். பாயில்லாமலே எவ்வளவு நிம்மதியாகப் படுத்திருக்கிறார்! அவரிடம் எனக்கென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது பால் செம்பில் கால் பங்கு இருந்தது. என் வீட்டுக்காரர் தொடையில் குளம்பு பதிந்த தடம் இருந்தது. "திட்டறது ஒரு வார்த்த மாறிப்போச்சு அண்ணி" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை பயணம் போனாலும் அக்கா இல்லாமல் எங்கள் வீட்டு வண்டி கிளம்பியதில்லை. இப்போது அந்தச் சாலையில் நாள் முழுக்கக் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. எங்கள் தெருப் பிள்ளைகள் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வாய்க்கு இந்தக் கதை போய், வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது தடவையும் பூப்போட்டதாகவும், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வந்ததாகவும் சொல்கிறார்கள். கலசம் அக்கா கையில் தானாக ஆடியதாகக்கூட ஒருத்தன் சொன்னான். அம்மனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். நான் கோபப்படவில்லை. ஆனால் அந்த மூன்றாவது பூ இருந்திருந்தால் மாமனார் சொன்ன வார்த்தைக்கு அங்கே இடமே இருந்திருக்காது. அந்த வார்த்தையைத்தான் அம்மன் அன்று அவர் வாயில் வைத்தாள் என்று நான் நம்புகிறேன்.

எழுதி முடித்ததும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மாடு வருகிற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கடைசியில், "மூணாவது பூ போடலன்னு எழுதினியா? மாமா வாயால சொன்னாருன்னு எழுதினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

ஆகையால் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வீர்களானால் தாராளமாகச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, அப்புறம் ஒரு மாமனார் சொன்ன சொல். அதன்மேல் ஒரு பூகூட கூடுதலாக வைக்காதீர்கள்.